தடை வாங்கிய தெரு

1

இந்தக் கதையின் முதல் வாக்கியம் நான் எழுதியதல்ல. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே ஒரு பெண் என்னிடம் சொன்னது:

“எங்க அக்கா கேஸ்ல ஜெயிச்சா. அதனாலதான் எங்க வீட்டுக்காரர் செத்துப்போனாரு.”

சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்து உதறினார். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் கையிலிருந்த தேநீரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதல் பிரதியில் இந்த வாக்கியத்தைக் கடைசியில் வைத்திருந்தேன். நீங்கள் திடுக்கிட்டிருப்பீர்கள். ஆனால் செத்துப்போன ஒரு மனிதரை ஒளித்து வைத்து விளையாட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: தங்கையின் கணவர் சாகப்போகிறார். அவரைக் காப்பாற்ற நான் ஒரு முயற்சி செய்தேன். பலிக்கவில்லை. அதையும் இடையில் சொல்கிறேன்.

நான் அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பவன். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. அடுத்தவர் பிழையைத் திருத்தியே பழகியவன், நடந்து முடிந்ததையும் திருத்தப் பார்ப்பான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

“அந்தத் தெருவின் மேல் ஒரு நாள் ஒரு பெரிய நிழல்…” வேண்டாம். அடுக்குமாடி என்றதும் நிழலைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம். தவிர, கட்டடம் நிழல் விழுமளவுக்கு எழும்பும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

“அக்கா, தங்கை இருவரும் சிறு வயதிலிருந்தே…” இதுவும் வேண்டாம். அவர்கள் சிறு வயதில் எப்படி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். அக்கா பெரிய மருத்துவமனையில் நர்ஸ். தெரு முழுக்க அவரை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடும். சொந்தத் தங்கைக்கு மட்டும் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “பொண்ணு பாக்க வந்தப்பல்லாம் நான் வார்டுல இருந்தேன்” என்பார். தங்கையின் வீடு எதிர்வரிசையில் கடைசி வீடு. அதன் ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை. தங்கையின் கணவர் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். எங்களுக்கு அவர் மெஷின்காரர்.

மெஷின்காரரிடம் எனக்கு ஒரு சிக்கல். பிரதிக்குப் பிரதி அவர் நல்லவராகிக்கொண்டே வருகிறார். மூன்றாம் பிரதியில் பூனைக்குப் பால் வைத்தார். அந்த மனிதர் ஆயுசில் ஒரு பூனைக்கும் பால் வைத்ததில்லை, செருப்பைத்தான் விட்டெறிந்தார். டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். கேரம் ஆடும்போது கூசாமல் காயை நகர்த்துவார். “நாளைக்கு ரெடி” என்று சொல்லியே வாடிக்கையாளர்களை வாரக்கணக்கில் அலையவிடுவார். சண்டைக்கு வந்தால், “உங்க மெஷினே அழுக்கா இருந்துச்சுங்க, குளிப்பாட்டிட்டு இருக்கேன்” என்பார்.

பூனையை எடுத்துவிட்டேன். சாவதற்கு ஒருவர் நல்லவராக இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

3

ஐஸ் தொழிற்சாலையை இடித்து மனையைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். தகரத்தின் மேல் பெரிய படம்: முப்பது மாடிக் கட்டடம், நீச்சல் குளம், நாய்க்குட்டியோடு நடந்துபோகும் ஒரு குடும்பம். தெருவே போய்ப் பார்த்தது. படத்தில் எங்கள் தெரு இல்லை. வீடுகள் இருக்கவேண்டிய இடத்தில் புல்தரை வரைந்திருந்தார்கள்.

“நம்மளப் பூராப் பேத்துட்டு புல்லு நட்டுட்டானுங்கப்பா” என்றார் மெஷின்காரர். எல்லோரும் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை.

அன்றைக்கே அவர் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். குழாயில் தண்ணீர் பாதி நாள்தான் வருகிறது. சாக்கடை மழைக்கு முன்பே நிறைகிறது. முப்பது மாடி ஜனமும் இந்த ஒரு சந்து வழியாகத்தான் போய்வர வேண்டும். மூலை வீட்டு வக்கீல் விதிகளைப் படித்துச் சொன்னார்: அவ்வளவு உயரத்துக்குத் தெருவின் அகலம் போதாது, ஆனால் கடைசி வீட்டை வாங்கி இடித்து வழியை அகலமாக்கிவிட்டால் போதும்.

கடைசி வீடு தங்கையுடையது. கம்பெனி ஆள் ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

கூட்டம் கலைந்தபின் நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது.

“நாங்க குடுத்துட்டுப் போயிடறோம்க்கா” என்றார் தங்கை. “அவரு கடைக்குப் பக்கத்துலயே ஒரு வீடு பாத்து வச்சிருக்கோம்.”

“நீ குடுத்தா அவங்களுக்கு ரோடு கெடச்சிடும்டி. அப்புறம் மத்தவங்க கதி?”

“அதுக்கு நான் என்னக்கா பண்ணட்டும்?”

“அம்மா இந்த வீட்ட உனக்குத்தானே குடுத்தாங்க? நான் ஒரு வார்த்தை கேட்டேனா?”

மெஷின்காரர்தான் நடுவில் புகுந்தார். “விடுங்க அண்ணி. நாங்க எங்கயும் போகல. நாங்க போயிட்டா கேரம்ல நீங்க யார்கிட்ட தோப்பீங்க?”

(கைப்பிரதியில் இந்த இடத்தைப் படித்துவிட்டு சிஸ்டர், “அம்மா பேர இழுத்து நான் அப்படிச் சொல்லவே இல்ல தம்பி” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சொன்னேன். இருக்கட்டும்” என்றார்.)

4

தங்கை விற்கவில்லை என்பதற்காகக் கம்பெனி நின்றுவிடவில்லை. பின்பக்கமாக வேறு வழி இருப்பதாகத் தாளில் காட்டி அனுமதி வாங்கிவிட்டார்கள். கார் நிறுத்துவதற்காக மூன்று அடுக்குப் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். பகல் முழுக்க இரும்புத் தூண் இறக்கும் சத்தம். என் மேஜையில் பென்சில் தானாக உருளும். தங்கை வீட்டுச் சமையலறைச் சுவரில் விரிசல் விட்டது. மெஷின்காரர் அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினார். விரிசல் காலண்டருக்குக் கீழே இறங்கியதும், இன்னும் நீளமான காலண்டராக வாங்கி வந்து மாட்டினார்.

சிஸ்டர் டியூட்டி முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வக்கீல் வழக்குப் போட்டார். தடை கிடைத்தது: வழக்கு முடியும்வரை அந்த மனையில் எந்த வேலையும் நடக்கக் கூடாது.

அன்று மாலை எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். இயந்திரங்கள் ஓய்ந்த அமைதியில் எல்லோரும் தேவையில்லாமல் உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம். மெஷின்காரர் தன் டிவியை வாசலுக்கே தூக்கி வந்து பாட்டு வைத்தார். சிஸ்டருக்கு மாலை போட வந்தவர்களை அவர், “நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று விரட்டினார். நான் அவரைப் பார்த்த வரையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்று ஒரு நாள்தான்.

(இந்தப் பகுதியோடு முடித்துவிட்டால் இது வெற்றிக் கதை. ஒரு பத்திரிகை அப்படித்தான் முடித்தது, சிஸ்டரின் படத்தோடு.)

5

வேலையாட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ராட்சத இயந்திரங்கள் போயின. பள்ளத்தில் ஊறும் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருந்த பம்புகளும் நின்றன. மழை பிடித்துக்கொண்டது. மண் சரியாமல் முட்டுக்கொடுத்திருந்த பலகைகள் நீரில் ஊறிப் பிதுங்குவதைத் தகரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தோம்.

சிஸ்டர் கம்பெனிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினாராம். “எந்த வேலையும் செய்யக் கூடாதுன்னு நீங்கதானேம்மா ஆர்டர் வாங்கினீங்க? பம்பு ஓட்டறதும் வேலைதானே?”

நகராட்சியைக் கூப்பிட்டார். அது தனியார் இடம் என்றார்கள். வக்கீல் வீட்டுக்கு நனைந்துகொண்டே ஓடினார்.

“ஆர்டர்ல திருத்தம் கேக்கணும் சிஸ்டர். இப்ப கோர்ட் லீவு. திங்கக்கிழமை மொத வேலையா அதத்தான் செய்வேன்.”

“அது வரைக்கும் பெய்யாதேன்னு மழைக்கு ஒரு தடை வாங்கிக் குடுங்க சார்” என்றார் சிஸ்டர்.

மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்பும் முன் தங்கை வீட்டுக்குப் போனார். “ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடுங்க. இப்பவே.” தங்கை துணிப்பையோடு வந்துவிட்டார். மெஷின்காரர் வரவில்லை. “பின்ரூம்ல ஊரான் மெஷினெல்லாம் கெடக்கு அண்ணி. முன்னாடி தள்ளி வச்சிட்டு வந்துடறேன். சாப்பாட்டுக்கு இருப்பேன், பயப்படாதீங்க.”

பள்ளத்து மண் சரிந்து அந்த வீட்டுச் சுவர் விழுந்தது மதியம். ‘இடி போல’ என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். லாரியிலிருந்து மணல் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. யாரும் எழுந்துகூடப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் கேட்டுப் பழகிய சத்தம். அப்புறம்தான் எங்களில் ஒருவருக்கு உறைத்தது: வேலைதான் நின்றுபோயிற்றே.

மெஷின்காரரைத் தோண்டியெடுத்து சிஸ்டர் வேலை செய்யும் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் அன்று சிஸ்டருக்குத்தான் டியூட்டி. முகமெல்லாம் சேறு. யாரென்று தெரியாமலே சட்டையைக் கத்தரித்தார். வாய்க்குள் விரலை விட்டு மண்ணை எடுத்தார். மார்பை அழுத்தத் தொடங்கினார். கூட வந்த தங்கையை நிமிர்ந்து பார்த்தபோதுதான்…

(இந்த வாக்கியத்தைப் பலமுறை முடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு உவமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. முடிக்காமல் விடுகிறேன். பார்த்த பிறகும் சிஸ்டர் அழுத்துவதை நிறுத்தவில்லை. டாக்டர் வந்து கையைப் பிடித்து விலக்கும்வரை நிறுத்தவில்லை.)

திங்கட்கிழமை திருத்தம் கிடைத்தது. வக்கீல் சொன்ன சொல் தவறவில்லை.

6

நான் சொன்ன முயற்சி இதுதான். ஒரு காலை முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

மெஷின்காரர் கடைசி மெஷினைத் தள்ளும்போது வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து கத்துகிறார்: “ஏங்க, நாளைக்கு நாளைக்குன்னு எத்தனை நாளு?” இவர் கையைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறார். வாய்ச்சண்டை. பின்னால் சுவர் விழுகிறது. இருவரும் தூசியில் நிற்கிறார்கள். இவர் சொல்கிறார்: “பாத்தீங்களா, அதான் லேட்டு.”

எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவர் கடைசிவரை கேட்டார். “ஆமா, இப்படித்தான் பேசுவாரு” என்றார். பிறகு கேட்டார்: “சரி, அப்புறம் சாப்பிட வந்தாரா?”

நான் அடுத்த பக்கத்தை எழுதவே இல்லை.

7

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். நடந்ததும் சட்டென்றுதான் நடந்தது. தடையால்தான் விபத்து என்றது கம்பெனி. கம்பெனியால்தான் என்றது தெரு. பார்வையிட வந்த நிபுணர்கள், பள்ளத்தை இப்படியே விட்டால் மற்ற வீடுகளுக்கும் ஆபத்து, கட்டி முடிப்பதுதான் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். தடை நீங்கியது. முப்பது மாடியும் எங்கள் பாதுகாப்புக்காக எழும்பின.

தங்கை, வீடு இருந்த மண்ணைக் கம்பெனிக்கே கொடுத்தார். பதிலுக்குப் பதினோராவது மாடியில் ஒரு வீடு. தெரு அவரைத் துரோகி என்றது. முகத்துக்கு நேரே அல்ல. காதில் விழும் தூரத்தில் நின்று. நான் அங்கே போய், ஏன் என்று கேட்டபோது அவர் சொன்னார்:

“வேற எங்க போவேன்? அக்கா வீட்டுக்கா? தெனமும் அவ மூஞ்சியப் பாத்துட்டு நான் எப்படிச் சாப்பிடறது? எம் மூஞ்சியப் பாத்துட்டு அவதான் எப்படிச் சாப்பிடுவா?”

அதற்குப் பிறகுதான், துணி மடித்துக்கொண்டே, முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

சிஸ்டர் அவசரப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறைக்குப் போய்விட்டார். கூட்டம், வழக்கு எதற்கும் வருவதில்லை. நான் தங்கை வீட்டுக்குப் போய்வந்த நாட்களில் படிக்கட்டில் நிறுத்தி ஒன்றுதான் கேட்பார்: “சாப்பிடறாளா?” சாப்பிடுகிறார் என்பேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார்.

இருவரில் யார் பக்கம் நான் என்று நீங்கள் கேட்கலாம். இதை எழுதத் தொடங்கியபோது தெரிந்திருந்தது.

8

போன வாரம் ஒரு காலையில் சிஸ்டர் மாடிக்கு வந்தார். “தம்பி, அந்தப் பில்டிங் வரைக்கும் கூட வாங்க.” அவ்வளவுதான். ஏன், இப்போது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே குளிர். தரையில் எங்கள் செருப்பின் ஈரம் பதிந்தது; சிஸ்டர் குனிந்து அதைக் கைக்குட்டையால் துடைக்கப் போனார், நான் தடுத்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சிஸ்டர் மாடியைச் சொன்னார்.

“நீங்க யாருன்னு சொல்லட்டும்மா?”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஊருக்கே சிஸ்டராக இருந்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அத்தனை நேரம் பிடித்தது.

“அக்கான்னு சொல்லுங்க.”

காவலாளி போனை எடுத்தார். மேலே மணி அடிப்பது எங்களுக்கும் லேசாகக் கேட்டது. மணி நின்றது. “மேடம், உங்க அக்கான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. மேல அனுப்பட்டுமா?”

என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். எழுத மாட்டேன். இருவரும் இதைப் படிப்பார்கள். நான் அச்சில் ஏற்றிவிட்டால், அந்தப் பதிலுக்கு ஏற்றபடி அவர்கள் நடந்தாக வேண்டியிருக்கும். அன்று காலை சொன்ன ஒரு சொல்லை அவர்கள் மறுநாள் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் பதினோராவது மாடிக்குப் போங்கள். அடுப்பில் ஏதோ இருக்கிறது, தீயைக் குறைத்துவிட்டு வந்து போனை எடுத்திருக்கிறீர்கள். கை ஈரம். கீழே ஒருவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார். காவலாளி இன்னொரு முறை கேட்கிறார்:

“மேடம்? அனுப்பட்டுமா?”