வரப்போரத்து இலைகள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆய்வகத்தின் கைகழுவும் தொட்டியருகே கிடைத்தது. அங்கே ஒருத்தி குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். வேறு வேலையாகப் போயிருந்த நான் ஏன் என்று கேட்கவில்லை. ஆகவே கீழே வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: 'வாயுவின் வழியே பொருள்களைப் பிரித்தறியும் முறையானது' வேண்டாம். பாடப்புத்தகத்தைப் படித்து யாரும் அழுததில்லை (தேர்வுக்கு முந்தின நாள் தவிர).

2

மண்ணிலும் இலையிலும் தங்கிவிட்ட களைக்கொல்லியை அளப்பது அவள் வேலை. இலையை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, ஒரு சொட்டுக்கும் குறைவாக ஊசியில் எடுத்துக் கருவிக்குள் செலுத்துவாள். அது சூட்டில் ஆவியாகி, நீண்ட மெல்லிய குழாய் வழியே போய், ஒவ்வொரு பொருளாகத் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும். திரையில் அதன் கோடு முனையாக எழும்பும்; அதுதான் பீக். பீக் பெரிதென்றால் மருந்தும் அதிகம்.

இந்த முறை வந்தவை அவள் அண்ணனின் தக்காளி இலைகள். அத்தனையும் சுருண்டு கருகியிருந்தன. பக்கத்து நிலம் அவர்கள் தம்பியுடையது. அவன் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்துவிட்டது என்கிறார் அண்ணன். இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

"உங்க அண்ணி கடைசியா தன் கையால சத்து மருந்து அடிச்ச செடிம்மா. அவளும் போயிட்டா. இதையும் கொன்னுட்டான் பாவி."

(அண்ணியின் சாவை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். நோய் என்றால் போதும்.)

3

காற்றில் வந்திருந்தால் வரப்போரத்து இலையில் பீக் பெரிதாகவும் உள்ளே போகப் போகச் சிறிதாகவும் இருக்கவேண்டும். எங்கும் ஒரே உயரம். வரப்பு மண்ணில் ஒன்றுமே இல்லை. கருவியின் மேலாவது பழி போட முடியுமா என்று வெறும் கரைப்பானைச் செலுத்திப் பார்த்தாள். சுத்தமாக வந்தது.

அப்படியானால் யாரோ தெளிப்பானோடு சால் சாலாக நடந்திருக்கிறார்கள்.

செடி கருகுவதற்கு முன்பு அண்ணி போனில் பேசியது அவளுக்கு நினைவு வந்தது. "உங்க அண்ணன் வெளிய போயிருந்தாரு. களைக்கு அடிக்கிற டேங்க்தான் இருந்துச்சு. தண்ணி விட்டு ஒரு அலசு அலசிட்டு, சத்து மருந்த ஊத்தி நானே முதுகுல மாட்டிக்கிட்டு அடிச்சு முடிச்சிட்டேன். என்னால முடியாதுன்னாங்களே!"

ஒரு அலசில் அந்த மருந்து போகாது.

'அன்றைக்கே அவள் எச்சரித்திருந்தால்' இல்லை. அண்ணி கூப்பிட்டதே அடித்து முடித்த பிறகுதான். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

4

ஒரு முடிவு: "ஒண்ணும் தெரியலண்ணா" என்கிறாள். தம்பி காலமெல்லாம் பாவியாகவே இருப்பான்.

இன்னொன்று: உண்மையைச் சொல்கிறாள். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு...

இல்லை. கருகிய செடிகளை அண்ணன் இன்னும் பிடுங்கவில்லை. மனைவியின் கைபட்டது என்று அப்படியே விட்டிருக்கிறார். அந்தக் கைதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் துணிவில்லை.

அவள் தொட்டியருகே அழுதது அண்ணனிடம் பேசியதற்கு முன்பா பின்பா என்றும் தெரியவில்லை.

போன் அடிக்கிறது. அவள் இன்னும் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அண்ணன்தான். நீங்கள் எடுங்கள். முதலில் "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்பார்.