சக்களத்தி எழுந்த காலை

கடைசித் திருகாணியையும் கழற்றிவிட்டு இளையவன் பெட்டிக்குள் காதை வைத்தான். ஹார்ட் டிஸ்க் சுற்றவில்லை. கொசு முனகுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மதியம் எடுத்துவிடுவார்கள். தொண்டையில் ஆபரேஷன் செய்த பிறகு அவருக்குக் குரலே இல்லை. அந்தக் குரல் மிச்சமிருந்தது இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில், ஒரே ஒரு வீடியோவில். அதைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

"கதை முடிஞ்சுது மச்சான்," என்றார் அக்கா புருஷன். "ஒரே வீட்ல ரெண்டு சாவு."

"சும்மா இருங்க மாமா."

தினமும் காலையில் அந்தக் கம்ப்யூட்டரை எழுப்புவது அப்பாவுக்கு ஒரு கூத்து. குரல் இருந்த காலத்தில் மகாராணி என்று கொஞ்சுவார், திட்டுவார். மசியாவிட்டால் செருப்பைக் கழற்றுவார். அம்மாவுக்கு அது சக்களத்தி. அதன்மேல் தூசிகூடத் துடைத்ததில்லை.

இளையவன் உள்ளங்கையால் தட்டினான். குலுக்கினான். முனகல் மாறவில்லை.

அம்மா உள்ளே வந்தாள். கையில் அப்பாவின் வலது செருப்பு.

"தள்ளுடா."

"அம்மா, கண்ட எடத்துல அடிச்சா இருக்கறதும் போயிடும்."

"அடுப்படியில நின்னு எத்தன வருஷம் கேட்டிருக்கேன். ரெண்டு அடி மெதுவா. அப்புறம் திட்டு. அப்புறம் ஓங்கி ஒண்ணு. நீ சுவிட்சப் போடு."

போட்டான். மெதுவாக இரண்டு அடி விழுந்தது.

"மனுஷன முழுசா வச்சிருந்தியே, போதாதா? எழுந்து தொலைடி."

மூன்றாவது அடியில் பெட்டி ஒருமுறை செருமிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. அக்கா ஓடி வந்தாள்.

பென் டிரைவில் ஏற்றப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. இனி நம்பிப் பயனில்லை. வீடியோவை ஓடவிட்டு, திரையையே போனில் பிடிக்க ஆரம்பித்தான்.

திரையில் அப்பா தானே ஓட்டிக் காட்டி சைக்கிள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "முதுகு நேரா இருக்கணும். கண்ணு முன்னால இருக்கணும்." சொல்லிக்கொண்டே துணிக்கொடிக்குள் புகுந்து, அம்மாவின் பாவாடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மறுபக்கம் வந்தார். சைக்கிள் நிற்கவில்லை. "சிரிக்காம எடுடி," என்றது பாவாடை. படம் ஆடியது. எடுத்தவள் அம்மா.

முதலில் வெடித்தது அக்காதான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்து, பார்த்த இடத்திலேயே நின்று சிரித்தார்கள்.

"இன்னொரு தடவ போடுடா," என்றாள் அக்கா.

போட்டான். அப்பா கொடியை நெருங்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். திரை இருண்டது.

"செருப்ப எடுங்க அத்தை," என்றார் அக்கா புருஷன்.

"விடுங்க மாப்ள. அவளும் எவ்வளவுதான் தாங்குவா."

இளையவன் போனில் பிடித்ததை ஓட்டிப் பார்த்தான். "முதுகு நேரா", "கண்ணு முன்னால" வரைக்கும் அப்பா தெளிவாகக் கேட்டார். அதற்குமேல் இவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் முழுகிப்போயிருந்தார். படமும் ஆடியிருந்தது.

தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தனியாகக் கிடந்த இடது செருப்புக்குப் பக்கத்தில் வலதையும் சேர்த்து, தெருவைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்தாள்.