குளக்கோழி முட்டை

ரெஜிலா வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு காலிச் சாக்கை நீட்டினாள். "எக்கா, இன்னைக்கு தூத்த சருகு உண்டா?"

உண்டு. எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் என் வீட்டு முற்றம் போல் சுத்தமான முற்றம் வேறு கிடையாது. விடிந்ததும் பலாச் சருகு, அயனிச் சருகு ஒன்று விடாமல் பெருக்கிக் கூட்டிவிடுவேன். முன்பெல்லாம் தீ வைப்பேன். ஆறு வருடமாக ரெஜிலா வாங்கிப் போகிறாள். அவள் என் கொழுந்தன் ஷிஜுவின் பெண்டாட்டி. குடும்பச் சொத்தைப் பிரித்தபோது ரோட்டோரப் பங்குதான் வேண்டும் என்று அழுது அடம்பிடித்து வாங்கியவள் நான். அவளுக்குக் கிடைத்தது தண்ணீர் தேங்கும் பள்ளம். பாவம் என்று அன்றைக்கு வாயால் சொன்னேன், மனதுக்குள் சிரித்தேன்.

அந்தப் பள்ளத்தை அவள் குளமாக்கினாள். என் சருகைப் பரப்பி மண்ணாக்கினாள். அதில் வாழை, சேனை, காச்சில், அன்னாசி என்று எதை நட்டாலும் வந்தது. வரிசை கிடையாது, பாத்தி கிடையாது, ஒரே காடு. பெர்மாகல்ச்சர் என்று பெயர் சொல்கிறாள். அந்தக் காட்டுக்குக் கீரி வந்தது, மரநாய் வந்தது, எனக்குப் பேர் தெரியாத குருவியெல்லாம் வந்தது. பிறகு நெய்யாற்றின்கரையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள், செருப்பைக் கழற்றி அந்த மண்ணில் நடந்து பார்க்க. அறுப்பின் பண்டிகையன்று போதகர் பிரசங்கத்திலேயே அவள் பெயரைச் சொன்னார். என் பங்கில் ரப்பர் நிற்கிறது. ரப்பருக்குள் கொசுவைத் தவிர எதுவும் வராது. அவள் மண்ணில் கிடக்கிற சருகு யார் வீட்டுச் சருகு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சாக்கை நிரப்பிக் கொடுத்ததும் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு காரியம் காட்டட்டா? மிண்டாம, சத்தம் காட்டாம வாருங்க."

குளத்தோரத் தாழம்புதருக்குள் ஒரு கூடு. ஐந்து முட்டை, வெளுத்த நிறத்தில் செம்புள்ளி போட்டு. குளக்கோழி. வெள்ளை முகத்தை வைத்துக்கொண்டு வாலை வெட்டி வெட்டி நடக்குமே, அது.

"நம்மள நம்பி வந்திருக்கு, பாத்தியளா எக்கா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நம்மள என்று அவள் என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. தீனி போடாமல், கூண்டு கட்டாமல், ஒரு உயிர் என்னை நம்பி எப்போது வந்தது?

அந்த வாரம் என் சிவப்புக் கோழி அடைக்குக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பது வழக்கம். வாத்து ஒழுங்காக உட்காராது, கோழி உட்காரும், குஞ்சும் பொரியும். வாத்துக்கு ஆகும் என்றால் குளக்கோழிக்கும் ஆகாதா என்று தோன்றியது. ரெஜிலா பனச்சமூடு சந்தைக்குப் போன வியாழக்கிழமை மத்தியானம் ஐந்து முட்டையையும் சேலைத் தலைப்பில் பொதிந்து எடுத்து வந்துவிட்டேன். தாய்ப்பறவை புதருக்குள் நின்று கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் அவள் வேலிக்கு வந்தாள். அழுவாள் என்று காத்திருந்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன், பார்க்க ஆசையாகவே இருந்தது.

"உடும்பு தின்னிருக்கும் எக்கா. போட்டும். அதுக்கும் வயிறு உண்டும்லா," என்று சொல்லிவிட்டு வாழைக்குத் தண்ணீர் கோரப் போய்விட்டாள். அன்று ராத்திரி நான்தான் சோறு உண்ணவில்லை.

பதினோராம் நாள் மூன்று பொரிந்தது. கரிக்கட்டை போல் கறுப்பு, காலோ உடம்பைவிடப் பெரிது. என் கோழி ஒரு தடவை பார்த்தது, ஒன்றைக் கொத்தியே கொன்றது. மற்ற இரண்டையும் பிடுங்கி அட்டைப்பெட்டியில் வைத்தேன். தரையில் போட்டதைத் தின்னத் தெரியவில்லை. கறையானை விரல் நுனியில் பிடித்து, நாக்கை மேலே தட்டி 'ட்ச் ட்ச்' என்று கூப்பிட்டால் தலையை நீட்டிக் கொத்தும். அரை மணிக்கு ஒரு தரம் கொடுத்தேன். என் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பொறுமையாக ஊட்டியதில்லை. ஆறு நாள் நான் ராணியாக இருந்தேன். ஆனால் யாரிடம் காட்டுவேன்? திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கா போக முடியும்?

என் வீட்டுக்காரர் சஜன் கண்டுபிடித்துவிட்டார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது குளக்கோழியாக்கும். உனக்கு எங்கேருந்து கிட்டிச்சு?"

"ரப்பருக்குள்ள கிடந்துச்சு."

"ரப்பருக்குள்ள," என்றார். "சருகு எடுக்க அவ தெனமும் வாறா, ஜிஜி. இதுவ கீச்சு கீச்சுனு கத்துது. கொண்டு விட்டுரு."

அடுத்த வியாழக்கிழமை ரெஜிலா சந்தைக்குப் போனதும் கொண்டுபோய்த் தாழைக்குக் கீழே விட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அன்று முழுக்க எதையோ கொதிக்க வைத்துவிட்டு மறந்தவள் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது. "எக்கா, ஓடி வாருங்க! சட்டுனு வாருங்க!"

குளக்கரையில் போனைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தாள். ஆகாயத்தாமரைக்கு நடுவே பெரிய குளக்கோழி நடந்தது. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, சேர்ந்தும் சேராமலும், ஒரு கறுப்புக் குஞ்சு. மற்றது என்ன ஆனதென்று நான் கேட்க முடியாது.

"முட்டை எல்லாம் போகல எக்கா. ஒண்ணு பொரிஞ்சிருக்கு. எனக்க குஞ்சு, எனக்க பொன்னு," என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடணும்."

எனக்க குஞ்சாம்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சஜனும் சொல்லப்போவதில்லை, கோழியும் சொல்லப்போவதில்லை. தெரிந்துதான் நாக்கைத் தட்டினேன். ட்ச் ட்ச்.

குஞ்சு நின்றது. கழுத்தைத் திருப்பியது. பிறகு ஆகாயத்தாமரை இலைகளின்மேல் காலை எடுத்து எடுத்து வைத்து, ரெஜிலாவைத் தாண்டி, அவள் நீட்டிய போனைத் தாண்டி, நேராக என் காலடிக்கு ஓடி வந்தது. நான் குனிந்து விரலை நீட்டினேன். ரெஜிலாவின் கை மெதுவாகத் தாழ்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலில் கறையான் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தும் அது கொத்திக்கொண்டே இருந்தது.