சோழகத்துக்கு முதுகு காட்டிய பள்ளிக்கூடம்

விடத்தல்தீவுக்கு அப்பால், கடலோர ரோட்டுக்குக் கிழக்கே இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில், கடலிலிருந்து வீசும் சோழகக் காற்று வைகாசியில் சேர்ந்து புரட்டாதியில்தான் விலகும். வரவு இடாப்பில் அதற்குப் பெயர் மட்டும்தான் இல்லை. அது வீசும் நாட்களில் அதிபர் காலைக் கூட்டத்தில் சொல்வது முன்வரிசைப் பிள்ளைகளுக்கே கேட்காது. எல்லாம் பெரியமடுப் பக்கம் போய்விடும். ஒருமுறை அங்கே வயலில் நின்ற ஒருவர், நாளைக்குக் கைநகம் பார்ப்பார்களென்று கேள்விப்பட்டு, வரம்பில் குந்தியிருந்து பத்து விரல் நகத்தையும் வெட்டினாராம். கால்நகத்தை விட்டுவிட்டார். அறிவித்தலில் அது இருக்கவில்லை.

ஆகவே புதிய கட்டடத்தின் வரைபடம் வந்தபோது அதிபர் ஜெனிஸ்ரா முதலில் பார்த்தது திசையைத்தான். ஆறு வகுப்பறைகளும் மேற்கே ரோட்டைப் பார்த்து, சோழகத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றன. பின்னால் விளையாட்டிடம். மரம் என்று பேருக்கும் ஒன்றில்லை. வாகனம் நிறுத்தப் பன்னிரண்டு இடம் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்த வாகனம் ஒரு சைக்கிள். அதற்கும் செயின் இல்லை.

வரைபடம் கீறிய பொறியியலாளர் கபிலனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், கட்டடத்தின்ர முகம் ரோட்டுக்குத் தெரியவேணும். திறப்புவிழாப் பெயர்க்கல்லை ஆர் பின்னுக்குப் போய்ப் பாக்கிறது? வெள்ளிக்கிழமை வந்து கட்டை அடிச்சனெண்டா, திங்கள் அத்திவாரம்."

"வாங்கோ சேர். வகுப்பு நடக்கேக்க வாங்கோ."

மூன்று நாள் இருந்தது. கரைவலை முதலாளி, சம்மாட்டி நீக்கிலாசை அழைத்து வரைபடத்தை நீட்டினார். "இதை அப்பிடியே நிலத்தில விரிக்கவேணும், சம்மாட்டியார். கயிறு உங்கட. நீளம் நாப்பது."

"கட்டடம் வளைச்சு எனக்குப் பழக்கமில்ல," என்றார் நீக்கிலாஸ். "ஆனா மீனை விட அது மெதுவாத்தானே ஓடும்."

வெள்ளிக்கிழமை காலை பனந்தடிகளும் வலைக்கயிறுமாக ஒரு பள்ளிக்கூடம் எழுந்து நின்றது. கபிலன் வந்தார், டேப்பைப் பிடித்தார், சிரித்தார்.

"மிஸ், நான் எழுதினது நாப்பது மீற்றர். இது எழுபத்து மூண்டு!"

ஜெனிஸ்ரா நீக்கிலாசைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நாப்பதெண்டுதானே சொன்னீங்கள். நாப்பது பாகம் விட்டிருக்கிறம்." அவர் வாழ்நாளில் கயிற்றை, விரித்த இரு கை நீளமான பாகத்தாலன்றி வேறெதாலும் அளந்ததில்லை. அவர் கை வேறு கொஞ்சம் நீளம். சட்டை தைப்பவர்கள் அவரைக் கண்டால் கடையைப் பூட்டுவார்கள்.

கபிலன் வரைபடத்தைச் சுருட்டினார். "பிழையான கட்டடத்துக்குள்ள நிண்டுகொண்டு சரியான கட்டடத்தைக் குறை சொல்லேலாது. நான் கட்டையை அடிச்சிட்டுப் போறன்."

"நில்லுங்கோ சேர். டேப்பை இஞ்ச தாங்கோ." ஜெனிஸ்ரா நுனியைப் பிடித்துக்கொண்டு தானே நடந்தார். "எங்கட பிழையை நாங்கள் வெட்டுறம். பிறகு உங்கட பிழையைப் பாப்பம்."

நீக்கிலாசோடு வலையிழுக்கும் தகப்பன்மார் ஓடிவந்தார்கள். இருபது நிமிடத்தில் கட்டடம் நாற்பது மீற்றருக்குள் சுருங்கியது. முதல் வகுப்பறைக்குள் பிள்ளைகளை இருத்தி, பின்னால் ஒரு கதிரை போட்டார் ஜெனிஸ்ரா.

"ஒரு பாடவேளை இருங்கோ சேர்."

"கயித்துக்குள்ள காத்து வரும்தானே மிஸ். கட்டினா சுவர் வரும்."

"நீங்கள் கீறினது மூண்டடி அரைச்சுவர். நாங்களும் மூண்டடிக்குப் படங்குச் சீலை கட்டியிருக்கிறம். மேல திறந்தது உங்கட."

கபிலன் இருந்தார். நசீறா ரீச்சர் கணக்குப் பாடம் தொடங்கினார். ஐந்தாவது நிமிடத்தில் பொறியியலாளரின் தொப்பி கிழக்கே புறப்பட்டது. பத்தாவது நிமிடத்தில் தேநீர் வந்தது. அதைக் கரண்டியால் கலக்கும் வேலை இருக்கவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் கரும்பலகையில் எழுதிய விடை பிய்ந்து பக்கத்து வகுப்பில் போய் ஒட்டியது. அங்கே அது சரியாகவும் இருந்தது.

பிள்ளைகள் அசையவில்லை. மேற்குக்கு முதுகைத் திருப்பி, மணல் விழாமல் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் எழுதினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, பழக்கம். கபிலன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"காணும் மிஸ்."

"இன்னும் பதினாலு நிமிசம் கிடக்கு சேர். பிள்ளையளுக்கு அஞ்சு வருசம்."

அவர் மறுபடி இருந்தார். மணி அடித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்: "எங்க வைக்கச் சொல்லுறீங்கள்?"

"கிழக்கு எல்லையில. முதுகு மேற்கால, முழுச்சுவர். நடுவில விளையாட்டிடம். ரோட்டோரம் ரெண்டு வரிசை வேம்பும் பூவரசும்."

"பெயர்க்கல்?"

"வாசல் மதில்ல வையுங்கோ," என்றார் நசீறா. "போற வாற கழுதையளும் வாசிக்கட்டும்."

கபிலன் தோற்றவர் மாதிரியல்லாமல் சிரித்தார். "தடியளைப் பிடுங்கி அளந்து நட இண்டைக்கு முடியாதே?"

"ஏன் பிடுங்கி அளக்கிறது?" நீக்கிலாஸ் வேட்டியை மடித்துக் கட்டினார். "தடிக்கு ஒராள் பிடியுங்கோ. கயிறு தொய்யக்கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே நடை."

கரைவலையின் இரண்டு கரையையும் சமமாக இழுத்துப் பழகிய கால்கள் அவை. ஏலேலோ என்றதும் ஆறு வகுப்பறையும் நிலத்தை விட்டு எழும்பின. உள்ளே பிள்ளைகள் கொப்பியோடு நடந்தார்கள். நசீறா ரீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை. கபிலனும் கதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சுவரைத் தாண்டி வெளியே வர அவருக்கு மனம் வரவில்லை. விளையாட்டிடத்தைக் கடந்து, அரைவட்டம் அடித்து, கிழக்கு எல்லையில் பள்ளிக்கூடம் இறங்கியபோது பதினொன்றாம் வாய்ப்பாடு முடிந்திருந்தது.

கபிலன் டேப்பைப் போட்டார். ஒரு விரல்கூட மாறவில்லை. மூலைக்கட்டைகளை அங்கேயே அடித்து, முழங்காலில் வரைபடத்தை விரித்துப் புதிய இடத்தைக் கீறினார். கையெழுத்துக்குப் பேனையை எடுத்தார்.

"மரங்களையும் கீறுங்கோ," என்றார் ஜெனிஸ்ரா.

"அது பிறகு மிஸ். மரம் நடுறது தெரிஞ்ச விசயம்தானே."

"கீறாதது ஒண்டும் இஞ்ச முளைக்கிறதில்ல சேர். இப்ப கீறுங்கோ."

காற்று தாளைப் பறிக்கப் பார்த்தது. ஜெனிஸ்ரா குனிந்து இரண்டு மூலைகளையும் அழுத்திப் பிடித்தார். கபிலன் ரோட்டோரமாக வட்டம் வட்டமாகக் கீறினார். நாற்பத்தோராவது வட்டத்தைக் கீறி முடிக்கும்வரை ஜெனிஸ்ரா கையை எடுக்கவில்லை.