அ. புஷ்பம்

அடையாறு ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருவிக்கென்றே ஓர் இருட்டறை. ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைக் கண்ணாடிக் குப்பியில் வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், அது பதிலுக்கு வேறொரு ஒளியை உமிழும். அதைப் பேனா முள் தாளில் கோடாக வரையும். நல்ல ரத்தமென்றால் கோடு ஒருமுறை ஏறி இறங்கிச் சும்மா கிடக்கும். புற்றுநோய் ரத்தமென்றால், சிவப்பு வரும் இடத்தில் இன்னொரு தடவை எழும்பும். அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். அது எழுபத்து நாலாம் வருஷம்; எல்லாமே சோதனைக் கட்டம்தான்.

ஆய்வாளன் கருணாகரன் அன்று கருவியில் ஓட்டியது நோயாளி ரத்தம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ரத்தம் வேண்டுமே, எங்கே போவது? மாமனார் அய்யாதுரைக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த லூயிசா போய்க் கடை ஆட்களிடம் ரத்தம் எடுத்து, அவரவர் சொன்ன பெயரைக் குப்பியில் ஒட்டி வந்திருந்தாள்.

ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு குப்பிக்கு மட்டும் முள் ஏறி இறங்கி, மறுபடியும் ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது. ஒட்டியிருந்த பெயர் 'அ. புஷ்பம்'.

அவனுக்குப் பகீரென்றது. மனைவி பெயரும் புஷ்பம். அடுத்த நொடியே, சே, அவள் 'க. புஷ்பம்' ஆயிற்றே என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான். தாலி கட்டிய கையோடு ரேஷன் கார்டில் இனிஷியலை மாற்றியவனே அவன்தான். இது கடையில் துணி கட்டித்தரும் பாக்கிங் புஷ்பம். பாவம். பாவம் என்றானே தவிர, உள்ளுக்குள் வந்தது நிம்மதிதான், யாரோ ஒருத்தி என்கிற நிம்மதி. மனுஷப் புத்தி, என்ன செய்ய!

பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன் தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

"மெஷின் தப்பா இருக்கலாம். இன்னொரு தரம் ரத்தம் எடுத்துண்டு வாங்கோ. அந்தப் பொண்ணுகிட்ட இப்போ ஒண்ணும் சொல்லிடாதீங்கோ."

கடையில் தீபாவளிக் கூட்டம் முட்டித் தள்ளியது. கருணாகரன் பாக்கிங் புஷ்பத்திடம் போய் ஊசிப் பெட்டியைத் திறந்தான்.

"கையை நீட்டும்மா. சும்மா இன்னொரு தடவை பார்க்கணும்."

"இன்னா சார், இன்னொரு தபாவா? நான் எங்க குடுத்தேன்? ஊசின்னாலே எனக்கு ஆவாது. அன்னிக்கு அந்தம்மா வந்ததும் பின்பக்கம் ஓடிட்டேன்ல!"

"குப்பியில உன் பேரு இருக்கே. அ. புஷ்பம்."

"நான் மு. புஷ்பம் சார். எங்கப்பா முனுசாமி." சிரித்தாள். "அது நம்ம மொதலாளி பொண்ணு. ஆள் கொறையுதுன்னு அவங்களே கைய நீட்டிட்டாங்க. இந்தக் கடையில அவங்க எப்பவும் அ. புஷ்பம்தானே! கைப்பிள்ளைய வெச்சிக்கினு ரத்தம் குடுத்தியான்னு நீங்க சண்டை போடுவீங்கன்னு சொல்லல."

கருணாகரன் திரும்பிப் பார்த்தான். கல்லாவில் அப்பாவுக்குப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு புஷ்பம் நின்றிருந்தாள். ஊசிப் பெட்டியும் கையுமாகப் புருஷனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். திட்டு விழுமுன் முந்திக்கொள்ள, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க. உங்க மெஷினுக்கு நானே குடுக்கலன்னா எப்படி?" முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லுங்களேன், என் ரத்தம் என்ன கலரு காட்டிச்சு? சாயம் போகாத சரக்குதானே?"

குழந்தை அவன் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தது. அவன் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தான். "இன்னொரு தடவை கையை நீட்டு, புஷ்பம்" என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.