நுனியில ஒரு நீலக் கோடு

கொழுந்தன் வாயைத் திறந்தா மூடமாட்டான். பேண்டுல ட்ரம்பெட் வாசிக்கிறவன், அதனால வீட்ல அவனுக்குப் பேரே ஊதல்தான். மேல் முன்பல்லுக்கு எப்பவோ வேர் சிகிச்சை பண்ணி அடைச்சிருந்தாங்க. இப்போ அதோட வேர் நுனியில சீழ் கட்டிடுச்சு. வெளியே ஒரு டாக்டர் பார்த்துட்டுப் புடுங்கச் சொல்லிட்டார். நேரா பல் டாக்டர் அண்ணிகிட்ட வந்து நின்னான்.

"முன்பல் போனா ஊத முடியாது அண்ணி. அப்புறம் நாள் முழுக்க உங்க வீட்லதான் உக்காந்திருப்பேன். யோசிச்சுக்கோங்க."

அவளுக்கு வழி தெரியும். ஈறைத் திறந்து, வேர் நுனியைச் சீவி, அதிர்வு ஊசியால சின்னக் குழி தோண்டி, மருந்து வெச்சு அடைக்கணும். பயம் எங்கேன்னா, ஏற்கனவே குடைஞ்சு அடைச்ச பல்லு. சுவர் மெலிஞ்சிருக்கும். அதிர்வுல விரிசல் விட்டா, அது வழியா சீழ் திரும்ப வந்துடும்.

அதனால புடுங்கின பற்களை வாங்கி, அடைச்சு, சீவி, குழி தோண்டி, விரிசல் இருந்தா நீலக் கோடாக் காட்டுற சாயத்துல முக்கிப் பார்த்தா. எல்லாத்துலயும் விரிசல். நம்ம தம்பின்னு இழுத்துப் போட்டுக்காத, வேற யார்கிட்டயாவது அனுப்பிடுன்னு புருஷன் சொன்னான். அவளுக்கு அந்தப் பேச்சு காதுல ஏறல. அதிர்வு ஊசியே படாத ஒரு பல்லை எடுத்துச் சாயத்துல முக்கினா. அதுலயும் கோடு. அப்பத்தான் உறைச்சுது. விளக்குக்கு அடியில மணிக்கணக்கா வெச்சுப் பார்த்ததுல பல்லு காஞ்சே வெடிச்சிருக்கு. பழியெல்லாம் கருவி மேல.

முதல்லேர்ந்து ஆரம்பிச்சா. இந்தத் தடவை எல்லாம் ஈரப் பஞ்சுக்குள்ள. அதிர்வைக் கூட்டி வெச்சதுல சிலது அப்பவும் வெடிச்சுது. குறைச்சு வெச்சு, தண்ணி விட்டுக்கிட்டே தோண்டினதுல பெரும்பாலும் தாங்கிச்சு. அந்தப் 'பெரும்பாலும்'தான் உறுத்திச்சு.

ஒளிக்காம அவன்கிட்டச் சொன்னா. "சீவின இடத்துல விரிசல் கோடு இருந்தா இன்னும் ஒரு தடவை சீவுவேன். அதுக்கு மேல சீவ வேர் கிடையாது. அப்பவும் இருந்தா புடுங்கிடுவேன்."

"புடுங்கறதா இருந்தா என்னைக் கேக்காமலே புடுங்குங்க. கேட்டா அழுதுடுவேன்."

மரத்துப்போற ஊசி போட்டதும் ஊதல் அடங்கிட்டான். கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து அவன் இவ்வளவு நேரம் பேசாம இருந்து அவ பார்த்ததில்ல. நுனியைச் சீவி, நீலச் சாயம் தொட்டு, கழுவி, மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சா.

முடி மாதிரி ஒரு நீலக் கோடு.

நர்ஸ் அவ முகத்தைப் பார்த்தா. அதிர்வு ஊசி இன்னும் பல்லைத் தொடவே இல்ல. அன்னிக்கு அடைச்சவங்க அழுத்தினதோ, இவன் ஊதி ஊதி வந்ததோ, இப்போ சீவினதோ, யார் கண்டா. விசாரிச்சுக்கிட்டிருக்க இது நேரமில்ல. இருந்த ஒரு தடவையையும் செலவு பண்ணிச் சீவினா. மறுபடி சாயம். கோடு போயிருந்துச்சு.

ஆனா குழி இன்னும் தோண்டணும். இனிமே வெடிச்சா புடுங்கறதுதான். அதிர்வைப் பழகினதை விடவும் இறக்கி வெச்சா. தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, எறும்பு கணக்கா வேலை நகர்ந்துச்சு. தண்ணி பீச்சற நர்ஸுக்குக் கை கடுத்துப் போய், முடிஞ்சுதான்னு கேட்டா. ஊத்துன்னு மட்டும் சொன்னா இவ.

கடைசியா சாயம் வெச்சுக் கழுவினா. குழி, சுத்திலும் வெள்ளை வேர். ஒரு தடவை பார்த்தா, நம்பாம இன்னொரு தடவை பார்த்தா. கோடு இல்ல. மருந்தை வெச்சு அடைச்சுத் தையல் போட்டா.

ஊதல் நாக்கால பல்லைத் தடவிப் பார்த்தான். கண்ணு கலங்கிடுச்சு.

"இருக்குடா"ன்னா. "ஆனா அடுத்த எக்ஸ்ரேல சீழ் அரிச்ச எலும்பு கூடியிருக்கான்னு பார்த்து நான் சொல்ற வரைக்கும் ட்ரம்பெட்டைத் தொடக்கூடாது."

மரத்துப்போன உதட்டைக் கோணி, எச்சில் வழிய அவன் சொன்னான்: "அப்போ அது வரைக்கும் உங்க வீட்லதான் அண்ணி."