அண்ணி கேட்ட ஒரு வரி

என் அண்ணனைக் கொன்றது எதிரிப் படை அல்ல. எங்களுக்காகப் போராடுகிறோம் என்று சொன்ன இயக்கம். ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அண்ணன் எங்கள் பேக்கரி வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். பாலத்தருகே குண்டடிபட்டுக் கிடந்த எதிரிப் படைச் சிப்பாய் ஒருவரை, ரொட்டித் தட்டுகளை ஒதுக்கிப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். மறுநாள் கடைவீதியில் பிணமாகக் கிடந்தார். 'காட்டிக்கொடுத்தவன்' என்று எழுதிய அட்டை கழுத்தில் தொங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் ஈ, காக்கை அண்டவில்லை. ஊரைவிட்டே போய்விடலாம் என்றேன்.

"நாம போனா அட்டையில எழுதினது உண்மைன்னு ஆயிடும் தம்பி. நீ மாவைப் பிசை," என்றார் அண்ணி.

விற்காத ரொட்டியை அகதி முகாமுக்கு அனுப்பினார். பசிக்கு ஏது கட்சி? முகாமில் இருந்தவர்கள் முதலில் கடைக்கு வந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரி நர்ஸுகள், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அண்ணி ஒருவரையும் கேட்கவில்லை.

சண்டை ஓய்ந்தது. இயக்கம் கட்சியாகி நகராட்சியைப் பிடித்தது. சந்தை முனையில் தியாகிகள் தூண் எழும்பியது. ஒருநாள் காலை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், நகராட்சித் தலைவர் வந்தார். கூடவே ஒரு மீசைக்காரர். அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு இயக்கத்தின் பொறுப்பாளராக இருந்தவர் அவர்தான்.

"அக்கா, அண்ணன் பேரையும் தூண்ல சேர்க்கப் போறோம். ஒரு போட்டோ வேணும்," என்றார் தலைவர்.

அண்ணி கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

"எப்படிச் செத்தாருன்னு போடுவீங்க?"

"விடுதலைக்காக உயிரைக் கொடுத்தவர்னு. எல்லாருக்கும் அந்த வரிதான்."

"அவர் கொடுக்கலையே. நீங்கதானே எடுத்தீங்க?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பழசைக் கிளறாதீங்க அக்கா."

"கிளற வந்தது நீங்க. நான் பாட்டுக்கு ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன்." யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார். "அடிபட்டவனைக் காப்பாத்தினதுக்காக இயக்கம் இவரைக் கொன்னுச்சு, அது தப்புன்னு ஒரு வரி போடுங்க. போட்டோ தர்றேன்."

"அதெல்லாம் நடக்காது," என்று தலைவர் விருட்டென்று காருக்குப் போனார்.

மீசைக்காரர் நகரவில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"அந்த அட்டையை எழுதினது நான்தான். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கலை. அன்னிக்கே எங்களுக்குத் தெரியும். மத்தவங்க பயப்படணும்னுதான் செஞ்சோம்."

நான் அவர் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தேன். அண்ணி என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா," என்றார் மீசைக்காரர்.

"மன்னிப்பு இப்போதைக்குக் கைவசம் இல்லீங்க," என்றார் அண்ணி. "ஆனா நாலு பேர் காதுல விழுற மாதிரி சொன்னீங்க. அதை மறக்க மாட்டேன்."

பிறகு உள்ளே போய், மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார். அண்ணனைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கடையை நான் கவனித்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் மட்டும் போகவில்லை. தையல்காரரின் மனைவி.

"என் மகன் கழுத்திலயும் அட்டை தொங்குச்சு," என்று உள்ளே போய் அண்ணியிடம் சொன்னாள். "எனக்கும் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கணும். நீங்க கூட வருவீங்களா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

தூணில் இன்னும் அந்த வரி ஏறவில்லை. மீசைக்காரரைக் கட்சி விலக்கிவிட்டது. ஆனால் மாதாமாதம் நகராட்சிக்குப் போகும் பெண்களின் கூட்டம் பெருகிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் வருவது தெரிந்தால் தலைவர் பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறாராம். அண்ணி அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. போன முறை பின்வாசலிலும் இரண்டு பேரை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனார்.